ஒளி விரியும், பொறுப்பும் விரியும்

ஒருவர் செய்த செயலின் விளைவு அவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நிகழ்ந்தால், அதற்கும் அவரே பொறுப்பாளியா? இது பழைய கேள்விதான். ஆயினும் இன்று பிள்ளைகளின் கைகளில் விளையாட்டுப் பொருளாகத் திரியும் லேசர் பொயின்ரரை வைத்து இதனை அளந்தே பார்க்கலாம்.

ரோர்ச் லைற்றின் ஒளி விரிவதை எவரும் காண்பர். லேசர் ஒளியோ எதிர்ச் சுவரிலும் குன்றிமணி அளவிலேயே விழுகின்றது. ஆதலால் அது விரிவதேயில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சிறு துவாரத்தினூடாக வெளிவரும் எந்த ஒளியும் விரிந்தே தீரும்.

இதை அளப்பதற்கு ஓர் அடிமட்டமும் நீண்ட மண்டபமும் போதும். விளக்கை மேசையில் அசையாது பொருத்தி, 2 மீற்றர் தூரத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து ஒளிப்புள்ளியின் விட்டத்தைக் குறியுங்கள். பின் 12 மீற்றர் தூரத்திலும் குறியுங்கள். ஒளி எவர் கண்ணிலும், எந்தக் கண்ணாடியிலும் படலாகாது. முதலாவது 4 மில்லிமீற்றர், இரண்டாவது 14 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 10 மீற்றரில் 10 மில்லிமீற்றர் விரிவு. அதாவது மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர். சாதாரண விளக்குகள் பலவும் ஏறக்குறைய இந்த அளவினவே.

இக்கணக்கின்படி 1 கிலோமீற்றரில் ஒளியின் அகலம் 1 மீற்றர். 3 கிலோமீற்றரில் 3 மீற்றர். கீழே நிற்பவர் காண்பது மெல்லிய கோடு. மேலே விமானி காண்பதோ முன்கண்ணாடி முழுவதும் பரவிய ஒளி.

"விரிந்தால் மங்கிவிடுமே, பிறகென்ன தீங்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தூரம் இரட்டித்தால் ஒளியின் செறிவு காற்பங்காகும். ஆனால் மங்குதல் வேறு, தீங்கின்மை வேறு. 5 மில்லிவாற் பச்சை விளக்கு கண்ணைக் காயப்படுத்தக்கூடிய தூரம் ஏறக்குறைய 16 மீற்றர்தான். கண்ணைக் கூசச் செய்து பார்வையை மறைப்பது 350 மீற்றர் வரை. இரவில் விமானியின் கவனத்தைக் கலைப்பதோ ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீற்றர் வரை. அருகில் ஒருவரின் கண்ணுக்கு ஆபத்து. தொலைவில், தரையிறங்கும் விமானத்தில் உள்ள அத்தனை பேருக்கும் ஆபத்து. தூரம் தீங்கை அழிக்கவில்லை. அதன் வடிவத்தை மாற்றிவிட்டது.

சட்டமும் இதையே சொல்கின்றது. பிரித்தானியாவில் 2018இல் நிறைவேறிய சட்டத்தின்படி, வாகனமொன்றை நோக்கி லேசர் ஒளியைப் பாய்ச்சி, அதைச் செலுத்துபவரின் கண்ணைக் கூசச் செய்வதோ கவனத்தைக் கலைப்பதோ குற்றம். 5 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். தீங்கு செய்யும் எண்ணம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் எமது செயல் எங்கெல்லாம் போய்த் தொடுமோ அங்கெல்லாம் நாமே பொறுப்பாளிகளா? அவ்வாறு கொண்டால் எவரும் கையை அசைக்கவும் முடியாது. எமது பொறுப்பின் எல்லை, நாம் கண்டது வரையும் அன்று. முடிவிலி வரையும் அன்று. அளந்து அறிந்திருக்கக் கூடியது வரை. அடிமட்டத்தால் அறியக்கூடிய ஒன்றை "எனக்குத் தெரியாது" என்று தள்ளிவிட முடியாது.

புலம்பெயர்ந்து பல நாடுகளில் சிதறி வாழும் எமக்கு இது இன்னொன்றையும் நினைவூட்டும். ஒரு குடும்பத்தைப் பற்றி இங்கே தொலைபேசியில் சாதாரணமாகச் சொன்ன சொல், ரொறன்ரோவிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு பிள்ளையின் திருமணப் பேச்சைக் குலைத்துவிடலாம். ஒளியாவது தூரம் போகப் போக மங்கும். சொல்லோ வாய்க்கு வாய் வலுப்பெறும். அதை அளப்பதற்கு அடிமட்டமும் இல்லை. எனவே வாயைத் திறக்குமுன் அது எவ்வளவு அகலத்தில் போய் விழும் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.