மிச்சமான இரண்டு நாள்

கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரிட்டயர்டு. அவர் வீட்டு கார் ஷெட்டில் கார் கிடையாது. ஒரு கனமான மேஜை, அதில் ஒரு வைஸ், சுவரில் வரிசையாக உளி, ரம்பம், இழைப்புளி. பாதிக்கு மேல் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கியவை. ‘‘அவர் ரொம்ப பிஸி. ஸ்டூல் பண்ணிட்டிருக்கார்’’ என்பார் அவர் மனைவி, சிரிக்காமல்.

போன வருஷம் சேலையூரில் அவருடைய பூர்வீக வீட்டை இடித்தார்கள். அப்பார்ட்மென்ட் வருகிறது. தாம்பரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. இடித்த வீட்டிலிருந்து கதவு, நிலை, பலகை என்று கொஞ்சம் பழைய தேக்கு தேறியது. மரக் கடைக்குப் போகவிருந்ததை மறித்து ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதில் பேத்திக்கு ஒரு படிக்கிற மேஜை செய்ய வேண்டும் என்பது ஆசை.

பலகைகள் ஒவ்வொன்றும் ஒரு கனம். ஒன்று ஒன்றேகால் அங்குலம், இன்னொன்று ஒன்றரை. எல்லாவற்றையும் ஒரே தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் எனக்கு போன் வந்தது.

‘‘மேஜை மேல வெச்சு ஓட்டற திக்னஸ் பிளானர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?’’

எனக்கு ஆணி அடிக்கக்கூட வராது. ஆனால், கருத்து சொல்லத் தெரியும்.

இந்த மெஷினை நீங்கள் பார்த்திருக்காவிட்டால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் பலகையை நுழைத்தால், ரப்பர் உருளைகள் அதை உள்ளே இழுக்கும். மேலே ஓர் உருளையில் இரண்டோ மூன்றோ பிளேடுகள், நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். ஒரு தடவைக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் சீவி, மறுபக்கம் வழவழவென்று வெளியே தள்ளும். 12 அங்குல அகலப் பலகை வரை போகும். பார்க்க ஆனந்தம், கேட்க நாராசம். காதை அடைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் நிற்க முடியாது.

நண்பரின் மகன் அமெரிக்காவில் இருக்கிறார். ‘‘நான் வாங்கிட்டு வரேன்’’ என்றிருக்கிறார். வேண்டாம் என்றேன். அங்கே 120 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தனியாக வேண்டும். பல விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். இந்த மெஷின்களோ 28 கிலோவில் ஆரம்பித்து 40-ஐத் தாண்டுகின்றன. பிளேடு மழுங்கினால் அதற்கும் மகன்தான் வர வேண்டும். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா உண்டு. பிளேடை சீக்கிரம் தின்றுவிடும். பழைய மரம் என்றால் உள்ளே உடைந்த ஆணி வேறு. வாங்குவதானால் உள்ளூரில் பிளேடு கிடைக்கிற மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். தூசியை இழுக்க ஏற்பாடு வேண்டும், மூக்குக்கு மாஸ்க் வேண்டும். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் பட்டியலில் 1995-லேயே சேர்த்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னது டெக்னிக்கல். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. ‘‘வருஷத்துல பத்து நாள் ஓட்டப் போறீங்க. பக்கத்து வீட்டுல மத்தியானம் தூங்க வேணாமா? இருபது வருஷமா உங்க வீட்டுக்கு வேலை செய்யற தச்சர் இருக்காரே, அவர் பிழைப்பு என்னாகறது?’’ என்று ஆரம்பித்து, காந்தி வரைக்கும் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தச்சரே வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். ஒரு பலகையை மேஜையில் கிடத்தி, இரண்டு முனையிலும் குறுக்கே ஒவ்வொரு நேர்ச்சட்டம் வைத்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டு சட்டமும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருந்தன.

‘‘முறுக்கிக்கிட்டிருக்கு சார். இத அப்படியே மெஷின்ல விட்டா, உருளை அமுக்கிப் புடிச்சு நேராக்கும், சீவும். வெளிய வந்ததும் பழையபடி முறுக்கிக்கும். மெஷினுக்கு அடிப்பக்கம் எப்படியோ மேல்பக்கமும் அப்படித்தான். தடிமன் சரியாயிடும், கோணல் போவாது. மொதல்ல ஒரு பக்கத்த கையால நேர் பண்ணிக் குடுக்கணும்.’’

எனக்கு ஒரே பெருமை. ‘‘பார்த்தீங்களா! கடைசியில கைதான் ஜெயிக்குது’’ என்றேன் நண்பரிடம்.

தச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘‘வேடிக்கை பாக்குறவங்களுக்கு அது கலை சார். இழைப்புளி புடிக்கிறவனுக்குத் தோள்பட்டை. ராத்திரி கை தூக்க முடியல. மெஷின் வாங்கச் சொல்லுங்க.’’

சுருக்கென்றது. இன்னொருவர் உடம்பு படும் பாட்டை ரசித்துக்கொண்டு, அதற்குக் காந்தியையும் துணைக்கு அழைத்திருக்கிறேன்!

காந்தியாவது நான் நினைத்த மாதிரி சொன்னாரா? 1924-ல் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் அவரிடம், ‘நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா?’ என்று கேட்டார். கேட்டவர் ஜி.ராமச்சந்திரன்; பின்னாளில், 1947-ல், மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர். சௌந்தரம் அம்மையார் பஸ் ஓட்டிப் பேர் வாங்கிய டி.வி.எஸ். வீட்டுப் பெண் என்பது ஒரு சுவையான உபரித் தகவல்.

காந்தி சொன்ன பதிலின் சாரம் இது: என் உடம்பே ஓர் இயந்திரம்தான், இயந்திரத்தை எப்படி எதிர்ப்பேன்? இயந்திர மோகத்தைத்தான் எதிர்க்கிறேன். உழைப்பு மிச்சமாகிறது என்கிறார்கள். மிச்சமாவது சிலருக்கு, தெருவுக்கு வருவது ஆயிரக்கணக்கானவர்கள். விதிவிலக்காக அவர் காட்டியது சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்றார். 1851-ல் காப்புரிமை வாங்கிய சிங்கரின் வாழ்க்கையைப் படித்தால், அவர் அத்தனை அன்பான கணவராகத் தெரியவில்லை. அது போகட்டும். காந்தி கேட்ட கேள்வி சரியானது. மெஷின் நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை. அது யாருடைய பாரத்தைக் குறைக்கிறது, மிச்சமாவது யார் கைக்குப் போகிறது என்று கேட்டார்.

இதே கேள்வியைத்தான் தச்சர் டீ குடித்துக்கொண்டே, காந்தியைப் படிக்காமலே, கேட்டார்.

‘‘கையால இழைச்சா இந்தப் பலகைக்கெல்லாம் மூணு நாள் ஆவும் சார். மெஷின் இருந்தா, மொதப் பக்கம் நான் நேர் பண்ணிக் குடுத்துட்டா, ஒரு நாள்ல முடியும். கூலி ஒரு நாளைக்கா, மூணு நாளைக்கா?’’

ஷெட்டில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. நண்பர் டம்ளரைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? ‘ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி’ என்பது நியாயம் மாதிரிதான் தெரிகிறது. மெஷினுக்குக் காசு போட்டவர் நண்பர். கரன்ட் பில்லும் அவருடையது. ஆனால், அந்த ஒரு நாளில் வேலை முடியக் காரணம் மெஷின் மட்டுமா? முறுக்கலைக் கண்டுபிடித்த கண் யாருடையது? உள்ளே கிடந்த ஆணியைத் தடவிப் பார்த்தே எடுத்த விரல் யாருடையது? முதல் பக்கம் நேராக இல்லாவிட்டால், ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய மெஷின் கோணலைத்தானே வேகமாக இழைத்துத் தரும்?

நம் வீட்டு வாஷிங் மெஷினையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது வந்த பிறகு, துணி துவைக்க வந்த அம்மாளின் சம்பளத்தில் எத்தனை குறைத்தோம்? அவருடைய இடுப்பு வலி குறைந்ததில் சந்தோஷப்பட்டோமா, நம் பட்ஜெட் குறைந்ததிலா?

நண்பர் கடைசியில் மெஷின் வாங்கிவிட்டார். 12 அங்குலம், பிளேடு இங்கேயே கிடைக்கிறது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் ஓட்டுவது என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தச்சரோடு நாள் கணக்கை விட்டுவிட்டார். மேஜைக்கு இவ்வளவு என்று, மெஷின் வருவதற்கு முன்னால் பேசிய அதே தொகை. மிச்சமாகும் இரண்டு நாளில் தச்சர் வேறு வேலைக்குப் போகலாம், வீட்டில் படுத்தும் கிடக்கலாம். அவருடைய சொந்த வேலைக்கான பலகைகளையும் அதே மெஷினில் ஓட்டிக்கொள்ளலாம்.

‘‘நஷ்டம்தானே உங்களுக்கு?’’ என்று கேட்டேன்.

‘‘மேஜை சீக்கிரம் வருது. அவருக்குத் தோள் வலி இல்ல. இதுல நஷ்டம் எங்க இருக்கு?’’ என்றார் நண்பர். பிறகு, ஒரு நேர்ச்சட்டத்தை எடுத்துத் துடைத்தபடி, ‘‘ஆனா ஒண்ணு, முதல்ல நானும் ஒரு நாள் கூலிதான் குடுக்கலாம்னு நெனைச்சேன்’’ என்றார்.

பேத்தி மேஜை தயாராகிவிட்டது. ஓரத்தில் பழைய ஆணித் துவாரம் ஒன்று அப்படியே இருக்கிறது. அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.