எப்போது பார்த்து முடிகிறது?

2014 மாசி மாதம். பதினோராம் மாடி அக்கா கதவைத் தட்டினார். கையில் கேபிள் கொம்பனியின் கடிதம். ரிவியோடு சேர்ந்திருக்கும் பழைய பதிவுப் பெட்டியை இரண்டு கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும், பதிலுக்குப் புதியது தருவார்கள், பழையதில் பதிந்து வைத்திருப்பவை புதியதுக்கு வரமாட்டா என்று அதில் இருந்தது.

"தம்பி, அவர் பதிஞ்சு வைச்சதெல்லாம் அதுக்குள்ளைதான் கிடக்கு. டிவிடியிலை ஏத்தித் தருவீரே?"

அவர் என்றது அண்ணையை. அண்ணை மோசம் போய் அப்போது இரண்டு வருடம்.

நாங்கள் இருப்பது பார்க்டேலில், ஜேம்சன் அவெனியூவில். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ரொறொன்ரோவுக்கு வந்த எங்கள் ஆட்களில் கனபேர் முதலில் பாய் விரித்த கட்டடங்கள் இவை. ஒரு அறைக்குள் ஆறு பேர் படுத்து, ஆளுக்கொரு ஷிஃப்ற் வேலைக்குப் போய், காசு சேர்ந்ததும் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் போய்விட்டார்கள். இப்போது குயின் வீதியில் இறங்கினால் திபெத்தியரின் மோமோக் கடைகள்தான். அக்கா குடும்பமும் நானும் தங்கிவிட்டோம். அவர்கள் ஏனென்று தெரியாது. நான் சோம்பலால்.

வேலை எப்படிப்பட்டதென்று கொஞ்சம் சொல்லவேண்டும், பிறகு வருகிற சிக்கல் அதிலிருந்துதான் பிறந்தது. பெட்டிக்குள் இருப்பது கணினியில் இருப்பது போன்ற ஹார்ட் டிஸ்க்தான். ஆனால் கழற்றிக் கணினியில் பூட்டினால் ஒன்றும் வாசிக்க முடியாது; அந்தப் பெட்டிக்கு மட்டும் விளங்கும் பூட்டு மொழியில் எழுதப்பட்டிருக்கும். புதுவகை எச்டிஎம்ஐ வயரில் வருகிற படத்துக்கும் நகல் எடுக்கமுடியாதபடி காவல் போட்டிருக்கிறார்கள். மிச்சம் இருப்பது மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற பழைய மூன்று வயர். அதை டிவிடி ரெக்கோடரில் குத்தி, பெட்டியில் நிகழ்ச்சியை ஓடவிட்டு, ஓட ஓடப் பதியவேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம். குறுக்கு வழி இல்லை. 4.7 ஜிகாபைட் டிஸ்க் ஒன்றில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம் கொள்ளும். தரத்தைக் குறைத்தால் நாலு. கடைசியில் 'ஃபைனலைஸ்' என்ற பொத்தானை அழுத்தி முடித்து வைக்கவேண்டும். அல்லாவிட்டால் வேறு வீட்டு மெசினில் பாடாது.

பெட்டிக்குள் நாற்பது மணி நேரத்துக்கு மேல் கிடந்தது. எனக்கு வேலை முடிந்து வந்தபின் இரவு மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். பத்து இரவு. ஆகவே நான் ஒரு வரிசை போட்டேன். என்னிடம் கேட்டிருந்தால் மிக நியாயமான வரிசை என்றுதான் சொல்லியிருப்பேன். முதலில் 2009 மே 10 இரவுச் செய்திகள். அன்னையர் தினத்தன்று எங்கள் சனம் ஸ்படைனா ஏற்றத்தால் ஏறி கார்டினர் நெடுஞ்சாலையை மறித்த நாள். அண்ணையும் அதில் நின்றவர். நடுச்சாமம் தாண்டி வந்து, அக்காவைப் பதியச் சொல்லிவிட்டுப் போனதைப் போட்டுப் பார்த்தவராம். அது சரித்திரம், முதலில் போகட்டும். பிறகு உள்ளூர்த் தமிழ் நிகழ்ச்சிகள், வேறெங்கும் கிடைக்காதவை. தொடர் நாடகங்களும் சினிமாப் படங்களும் கடைசி. 'தில்லானா மோகனாம்பாள்' ஒன்று கிடந்தது. 1968இல் வந்த படம், எந்தத் தமிழ்க் கடையிலும் ஐந்து டொலருக்கு நல்ல பிரதி கிடைக்கும். விளம்பரத்தோடு ரிவியில் பதிந்ததை ஏன் மினக்கெட்டு ஏற்றவேண்டும்? அக்காவிடம் சொன்னேன்.

"அதையும் போடும் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏழாம் இரவு அந்தப் படத்தைத் தெரிவு செய்தேன். திரையில் கேள்வி வந்தது: விட்ட இடத்திலிருந்து தொடர்வதா, முதலிலிருந்து தொடங்குவதா? முதலிலிருந்து என்று அழுத்திவிட்டு, ரெக்கோடரையும் அழுத்திவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன். அக்கா தேத்தண்ணியோடு வந்தார். எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. கோப்பையை வைக்காமல் நின்றபடி கேட்டார்:

"எவடத்திலை நிண்டது?"

"என்னக்கா?"

"அவர் நிப்பாட்டின இடம்."

அண்ணை அளவெட்டி ஆள். தவில் தட்சிணாமூர்த்தியின் ஊர் என்று சொல்லாமல் ஊர்ப்பெயரைச் சொல்லமாட்டார். அந்தப் படத்தில் சிவாஜியின் வாயில் கேட்கும் நாதஸ்வரம் மதுரை சேதுராமன் பொன்னுச்சாமி சகோதரர்களுடையது என்பதை எனக்கே நாலைந்து தரம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு இரவு பார்த்துக்கொண்டிருந்தவர், நித்திரை வருகிறது, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று நிற்பாட்டிவிட்டுப் படுத்தவராம். விடியப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டிய நிலை. திரும்பி வரவில்லை. அதன்பிறகு இரண்டு வருடம் அக்கா அந்தப் படத்தைத் தொடவில்லை. தொட்டால் அந்த இடம் நகர்ந்துவிடும் என்பது அவவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் யோசிக்கவில்லை.

"போட்டிக்கு முன்னமோ பின்னமோ தெரியேல்லை" என்றார். பிறகு, "பரவாயில்லைத் தம்பி. தேத்தண்ணி ஆறுது, குடியும்."

நான் செய்த சேதம் என்ன என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். கணக்காகப் பார்த்தால் ஒன்றுமில்லை. அழிந்தது ஒரு எண். ஒரு பெட்டிக்குள் இத்தனையாம் செக்கன் என்று இருந்த ஒரு குறிப்பு. ஒரு கிழமையில் அந்தப் பெட்டியே போய்விடும், எண்ணும் அதோடு போகும். படம் முழுதாக டிஸ்க்கில் வந்துவிட்டது. பார்த்தவர் இல்லை, அவருக்கு நட்டம் வரமுடியாது. ஒழுக்கத்தை நட்டக் கணக்காகப் பார்க்கிறவர்கள் இதோடு என்னை விட்டுவிடுவார்கள். என்னால் அப்படி விடமுடியவில்லை. டிஸ்க்குக்கு வந்தது படம். பெட்டிக்குள் இருந்தது படமும், ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற செய்தியும். இரண்டாவதை எந்த வயராலும் ஏற்றமுடியாது. ஆனால் ஒரு கடதாசியில் எழுதியிருக்கலாம். 'தொடர்' என்று அழுத்தி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு முதலுக்குப் போயிருக்கலாம். பத்து செக்கன் வேலை.

இந்த நாட்டுச் சட்டத்தை அந்த நாட்களில்தான் எடுத்து வாசித்தேன். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், 29.23ஆம் பிரிவு. வீட்டில் ரிவி நிகழ்ச்சியைப் பதிவது குற்றமில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஒரு பதிவுதான் எடுக்கலாம். பூட்டை உடைக்கக்கூடாது. மற்றவருக்குக் கொடுக்கக்கூடாது. இன்னொன்று: வசதியான வேறொரு நேரத்தில் பார்ப்பதற்கு நியாயமாகத் தேவைப்படும் காலத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அமெரிக்காவில் 1984இல் பீற்றாமக்ஸ் வழக்கில் உயர்நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் சொனிக்குச் சார்பாகத் தீர்த்ததும் இதே எண்ணத்தின் மீதுதான். இரவு ஒன்பது மணி நிகழ்ச்சியை நாளைக்கு மத்தியானம் பார்க்கலாம். மனிதர் நேரத்தை மட்டும்தான் இடம் மாற்றுகிறார். நல்ல யோசனை. நாளைக்கு மத்தியானம் வரும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

'நியாயமான காலம்' எவ்வளவு? எங்கள் சைவ வழக்கில் இதற்கு ஒரு எண் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, அதோடு துடக்குக் கழிந்தது, கல்வெட்டு அடித்துக் கொடுத்தாயிற்று, இனி வருடத்துக்கு ஒருமுறை திவசம். துயரத்துக்கு எல்லை போட்ட அந்த ஆட்கள் மூடர்கள் இல்லை; எல்லை இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்தவர்கள். அக்காவும் எல்லாவற்றையும் முறையாகச் செய்தவர். திரும்ப வேலைக்குப் போனார், பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார். ஆனால் அந்த ஒரு படத்தை மட்டும் 'இன்னும் பார்த்து முடியவில்லை' என்று வைத்திருந்தார். சட்டத்தின் சொற்களையே எடுத்தாலும் அவர் அதை மீறினார் என்று என்னால் சொல்லமுடியவில்லை. பார்க்கத் தொடங்கியவர் பார்த்து முடிக்கவில்லையே.

எதையும் அழியவிடக்கூடாது என்று வாழ்ந்தவர்களை எனக்கு நிரம்பப் பிடிக்கும். பிலடெல்பியாவில் மரியன் ஸ்ரோக்ஸ் என்ற பெண், எழுபதுகளின் கடைசியிலிருந்து 2012இல் இறக்கும்வரை ரிவிச் செய்திகளை இரவு பகலாகப் பதிந்தார். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட கசெட். அவை பின்னர் இன்ரர்நெற் ஆர்க்கைவுக்குப் போயின. பிபிசி தன் 'டொக்டர் ஹூ' நாடகத்தின் அறுபதுகளின் அங்கங்கள் பலவற்றைத் தானே அழித்தது. தொலைந்தவற்றின் ஒலியாவது மிஞ்சியது, வீட்டில் ரிவிக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி வைத்துப் பிடித்த ரசிகர்களால்தான். 1981இல் நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்த நாங்கள் 2005இல் நூலகம் திட்டம் தொடங்கியபோது ஏன் அவ்வளவு சந்தோசப்பட்டோம் என்று விளக்கத் தேவையில்லை. என் வரிசையும் அந்தப் புத்தியிலிருந்துதான் வந்தது: அரிதானது முதலில், எங்கும் கிடைப்பது கடைசியில், சனத்துக்குரியது வீட்டுக்குரியதுக்கு முன்.

அந்த வரிசை பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஒரு நூலகத்துக்கு அது சரி. பிழை, இன்னொருவர் வீட்டுச் சாமானுக்கு அந்த வரிசையைக் கேட்காமல் போட்டதில். 1995 இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டுச் சனம் இரவோடிரவாக வெளிக்கிட்டபோது, சைக்கிள் கரியரில் எதைக் கட்டுவது என்று ஒவ்வொரு வீடும் தானே தீர்மானித்தது. காணி உறுதியை விட்டுவிட்டுத் தையல் மெசினைக் கட்டியவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் வந்து, இது கடையில் கிடைக்கும், அதை எடு என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? உதவி செய்கிறவன் கையில் அப்படியொரு அதிகாரம் வந்துவிடுகிறது, அதுவும் றிமோற் அவன் கையில் இருந்தால்.

பத்தாம் நாள் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கவுண்டரில் இருந்த பிள்ளை வயரையும் றிமோற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு துண்டில் கையெழுத்துக் கேட்டது. திரும்பி வருகிற வழியில், ஸ்ரீற்காரில், அக்கா திடீரென்று சொன்னார்: "முதலிலை இருந்து பாத்துக்கொண்டு போனால் எவடத்திலை அவருக்கு நித்திரை வந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. நாப்பது வரியம் பக்கத்திலை இருந்து பாத்தனான்."

மார்க்கத்தில் இருக்கும் மகளுக்கும் ஒரு செற் வேண்டுமென்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். 29.23இன்படி அது கூடாது.

டிஸ்க்குகள் அக்கா வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் கல்வெட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவர் அந்தப் படத்தைப் பார்த்தாரா என்று நான் கேட்டதில்லை. இப்போது அவர் வீட்டில் டிவிடி மெசின் பழுதாகிவிட்டது. இப்படிப் பதிந்த டிஸ்க்குகளின் மைப் படலமும் காலம் போகப் போக மங்கும். எல்லாவற்றையும் ஒரு யூஎஸ்பிக்கு மாற்றலாம், ஒரு இரவில் முடிந்துவிடும். போன மாதம் எலிவேற்றரில் கண்டபோது, மாற்றவா அக்கா என்று கேட்டேன். யோசித்துச் சொல்லுறன் என்றார். இன்னும் சொல்லவில்லை.