வரவில் எழுதாத மணித்தியாலங்கள்

கடந்த தைப்பூசத்தன்று பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் நின்ற அக்கா ஒருவர், "தம்பி, உங்கட மகன் இப்பவும் வயலின் வகுப்புக்குப் போறவனோ?" என்று கேட்டார். "இல்லை அக்கா, செலெக்டிவ் பாடசாலைச் சோதனை முடியட்டும் எண்டு நிப்பாட்டி வைச்சிருக்கிறம்" என்றேன். "அதுதான் நல்லது. நாங்களும் மகளின்ர டான்ஸை நிப்பாட்டிப் போட்டம்" என்றார் அவர்.

அந்தப் பதில் வீடு வந்து சேரும் வரை எனக்கு ஆறுதலாக இருந்தது. அதன் பின் இருக்கவில்லை. ஏனென்றால் வயலினை நிறுத்தியவன் மகன் அல்லன். அதைப் பெட்டிக்குள் வைத்து அலுமாரியின் மேல் தட்டில் ஏற்றியவன் நான்.

நான் தொழிலால் கணக்காளன். ஒவ்வொரு மணித்தியாலத்தையும் வரவு, செலவு என்று பார்ப்பது பழகிப்போய்விட்டது. நம் மொழியும் எனக்குத் துணை நிற்கிறது. விருப்பத்துக்காகச் செய்யும் காரியத்துக்கு நாம் இட்ட பெயர் 'பொழுதுபோக்கு'. அதாவது, மிஞ்சிக் கிடக்கும் பொழுதை எப்படியாவது போக்குவது. மிஞ்சிய பொழுது இல்லாதவனுக்கு அது தேவையில்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இது சரிதானா என்று என்னை யோசிக்க வைத்தது, இதே சிட்னி நகரில் நீண்ட காலம் வாழ்ந்த ஒரு கணிதப் பேராசிரியரின் வாழ்க்கை. அவரும் அகதியாக இந்நாட்டுக்கு வந்தவர்.

ஜோர்ஜ் செகரெஷ் 1911ஆம் ஆண்டு ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பல்கலைக்கழகங்களில் யூத மாணவரின் தொகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அந்நாடு 1920இல் கொண்டுவந்திருந்தது. 1970களின் ஆரம்பத்தில் வந்த தரப்படுத்தலை அனுபவித்த நம்மவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குடும்பத்தின் தொழில் தோல் வியாபாரம். ஆகவே அவர் படித்துப் பட்டம் பெற்றது இரசாயனப் பொறியியலில். கணிதம் அவருக்குப் பொழுதுபோக்கு.

1930களின் ஆரம்பத்தில் அவரும் சில இளம் நண்பர்களும் நகரப் பூங்காவில் ஒரு சிலையடியில் கூடிக் கணிதப் புதிர்களைப் பற்றிக் கதைப்பார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற போல் ஏர்தோஷ் அவர்களில் ஒருவர். ஒருநாள் எஸ்தர் கிளைன் என்ற பெண் ஒரு புதிரைச் சொன்னார். தாளில் ஐந்து புள்ளிகளை இடுங்கள். எந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கக்கூடாது. எப்படி இட்டாலும், அவற்றுள் நான்கைத் தெரிந்தெடுத்து உள்நோக்கிக் குழியாத ஒரு நாற்பக்கல் வரையலாம். ஏன்? அப்படியானால் ஐங்கோணிக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்? அறுகோணிக்கு?

செகரெஷும் ஏர்தோஷும் இதைப் பற்றி எழுதிய கட்டுரை 1935இல் வெளிவந்தது. 1937இல் செகரெஷும் எஸ்தரும் திருமணம் செய்துகொண்டார்கள். அதனால் ஏர்தோஷ் அந்தப் புதிருக்கு 'இனிய முடிவுப் பிரச்சினை' என்று பெயர் வைத்தார். கணித உலகில் இன்றும் அதுவே பெயர்.

இரண்டாம் உலகப் போர் நெருங்கிய வேளையில் தம்பதியர் நாட்டை விட்டுத் தப்பி ஷங்ஹாய் சென்றார்கள். யப்பானிய ஆக்கிரமிப்பின் கீழ், கைக்குழந்தையுடன் அங்கே போர்க்காலத்தைக் கழித்தார்கள். 1948இல் அடிலெயிட் பல்கலைக்கழகத்தில் கணித விரிவுரையாளர் பதவி கிடைத்து இந்நாட்டுக்கு வந்தார்கள். பழைய பூங்கா நண்பி மார்த்தா ஸ்வேத்தின் குடும்பத்துடன் ஒரே குடியிருப்பைப் பகிர்ந்துகொண்டார்கள். வந்த புதிதில் இரண்டு குடும்பம் ஒரு வீட்டில் இருந்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு.

1960இல், கருந்துளைகளைப் பற்றிய ஆய்வில் இன்றும் பயன்படும் ஓர் ஆள்கூற்று முறையை செகரெஷ் வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவில் மார்ட்டின் குரூஸ்கல் அதைத் தனியாகக் கண்டறிந்ததால் இருவர் பெயரும் சேர்ந்து வழங்குகிறது. 1963இல் சிட்னிக்கு வந்து நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வயலினும் வயோலாவும் வாசிப்பார். கூரிங்காய் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் மற்றவர்களோடு மற்றவராக இருந்து வாசித்தார். காட்டுவழி நடையில் அவருக்குப் பெரிய விருப்பம். பாடசாலை மாணவருக்கான கணிதப் போட்டிகளுக்கும் உழைத்தார். எஸ்தரோ 1984இல் வேறு சிலருடன் சேர்ந்து, மாணவர் வாரந்தோறும் கூடிக் கணிதப் புதிர்களை ஆராயும் ஒரு வட்டத்தைத் தொடங்கினார். அது பின்னர் பல இடங்களுக்கும் பரவியது.

இதை வாசிக்கும் பெற்றோர் ஒருவர் உடனே சொல்லக்கூடும்: "பாருங்கள், பொழுதுபோக்காகச் செய்த கணிதம்தானே அவருக்குச் சோறு போட்டது! ஆகவே பிள்ளைக்கு ஒரு பொழுதுபோக்கு இருப்பது நல்ல முதலீடு." நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கணக்கில் பிழை இருக்கிறது. வயோலா அவருக்கு எந்தப் பதவியையும் தரவில்லை. காட்டுவழி நடைக்குச் சான்றிதழ் இல்லை. முதலீடு என்று பார்த்தால் அவை வெறும் நட்டம். இன்னொன்றும் உண்டு. பயனைக் கருதியிருந்தால் பூங்காவில் அந்தப் புதிரே பிறந்திராது. ஐந்து புள்ளிகளை விலைக்கு வாங்க ஆள் ஏது? பயனை எதிர்பாராத இடத்தில்தான் அது முளைத்தது. பயன் வந்ததும் உண்மை. ஆனால் அதற்காக என்று தொடங்கியிருந்தால் வந்திராது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது என் நெஞ்சிலிருந்தே வருகிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவனுக்கு வயலினும் நடையும் ஏது? இரவில் துப்புரவு வேலை, பகலில் படிப்பு என்று இருந்தவர்கள் நாம். விருப்பங்களைக் கைவிட்டோம், அதனால்தான் பிள்ளைகளுக்கு இன்று ஒரு கூரை இருக்கிறது. இந்த மறுப்பை நான் சிறிதும் தட்டிக்கழிக்க மாட்டேன். கைவிட்டது தவறல்ல. அது தேவை. ஆனால் தேவையினால் கைவிடுவது ஒன்று, கைவிடுவதே நல்லொழுக்கம் என்று பிள்ளைக்குப் படிப்பிப்பது வேறொன்று. எங்களுடைய நெருக்கடி பிள்ளையின் நெருக்கடி அல்ல. அது முடிந்த பின்னும் அதன் சட்டங்களை வீட்டில் நடைமுறையில் வைத்திருக்கிறோம்.

நம் ஊர் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் வெளியிடும் நினைவு மலரை எடுத்துப் பாருங்கள். பதவிகள், பட்டங்கள் எல்லாம் முறையாக அச்சாகியிருக்கும். நாம் அவற்றை விரைவாகப் புரட்டிவிடுவோம். "மாலையில் தேவாரம் பாடுவார், அவர் நட்ட ஒட்டுமாங்கன்று இன்றும் காய்க்கிறது" என்ற வரிக்கு வந்ததும் கண் நின்றுவிடும். அந்த வரியில்தான் மனிதர் இருக்கிறார். மற்றவை அவர் வகித்த கதிரைகள்.

இறைவன் உலகைப் படைப்பதும் காப்பதும் அழிப்பதும் அவனுக்கு விளையாட்டு என்று நம் சமயம் சொல்கிறது. தனக்கென்று ஒரு பயனைக் கருதாமல் செய்வதால் அது விளையாட்டு. அப்படி ஆடுகின்ற கூத்தனைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளையின் ஆட்டத்தை நிறுத்தினோம் என்று அதே மண்டபத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொன்னவர்களில் நானும் ஒருவன்.

செகரெஷும் எஸ்தரும் 2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி, அடிலெயிட்டில், ஒரு மணித்தியாலத்துக்குள் ஒருவர் பின் ஒருவராகக் காலமானார்கள். இளமையில் எழுந்த அந்த அறுகோணிக் கேள்விக்குப் பதினேழு புள்ளிகள் போதும் என்று கணினியின் துணையோடு நிறுவிய கட்டுரை, செகரெஷின் பெயரையும் தாங்கி 2006இல் வெளிவந்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக ஒரு மனிதர் ஒரு விளையாட்டைக் கைவிடாமல் இருந்திருக்கிறார்.

சென்ற வாரம் வயலின் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். ஒரு தந்தி அறுந்திருந்தது. புதியது வாங்கி வந்து மகனிடம் கொடுத்தேன். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது எந்தச் சோதனைக்கு?" என்று கேட்டான்.

பதினொரு வயதுப் பிள்ளை வேறெதைக் கேட்பான்? அவனுக்கு அப்படிக் கேட்கப் பழக்கியது நான்தானே. "ஒண்டுக்கும் இல்லையடா" என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. நம்ப வைக்க இன்னும் சில காலம் எடுக்கும்.