ஒப்புவித்தல்

‘ஒப்புவித்தல்’ என்ற வினைக்கு நம்மிடம் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியார் முன்னால் நின்று பாடத்தை ஒப்புவிக்கிறான். அவசரமாக வெளியூர் போகிறவள் குழந்தையைப் பக்கத்து வீட்டில் ஒப்புவித்துவிட்டுப் போகிறாள். முதலாவதில் கைமாறுவது சொற்கள் மட்டும். சொல்லி முடித்ததும் பையனுக்கு விடுதலை. இரண்டாவதில் சொல் அதிகம் வேண்டியிருப்பதில்லை. ஆனால் கொடுத்தவளுக்குப் போகிற இடத்தில் நிம்மதியில்லை, வாங்கியவளுக்கு அடுப்படியில் கவனமில்லை. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் நோயாளியை ஒப்புவிக்கும்போது இந்த இரண்டில் எது நடக்கிறது? கைபேசித் திரையில் முகம் பார்த்து அதைச் செய்ய முடியும் என்று ஆகிவிட்ட பிறகு, பழைய கேள்விக்குப் புதிய கூர்மை வந்திருக்கிறது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் வைத்து இதை யோசிக்க விரும்புகிறேன். அறவியலை அந்தரத்தில் வைத்து யோசித்தால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். விழுப்புரத்தின் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் திறக்கப்பட்டது; ஊருக்குள் அல்ல, சர்க்கரை ஆலை இருக்கும் முண்டியம்பாக்கத்தில். திண்டிவனத்தில் ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி; சுமார் 30 கிலோமீட்டர். திண்டிவனத்தில் சமாளிக்க முடியாத தலைக்காயம், நின்றுபோகப் பார்க்கும் இதயம், பாம்புக்கடி, இந்தச் சாலையில் தெற்கே போகிறது. இல்லாவிட்டால் கிழக்கே திரும்பிப் புதுச்சேரி ஜிப்மருக்கு. 2021 டிசம்பரில், இதே சாலையில் வடக்கே இருக்கிற மேல்மருவத்தூரில்தான், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் மணிக்கணக்கு பார்க்கிறவர்கள் கைக்கணக்கு பார்ப்பதில்லை. அந்த 48 மணிக்குள் ஒரு உடம்பு எத்தனை பேர் கைக்கு மாறுகிறது?

இவ்வளவு காலம் இந்தத் தூரத்துக்குப் பாலமாக இருந்தது ஒரு சீட்டு. ‘மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறார்’ என்று அதில் இருக்கும். பெரும்பாலும் அதன் ஆங்கில மூலத்தில். மொழியோடு மல்லுக்கட்டுகிற நமக்கு இந்த வாக்கியம் தெரிந்த வாக்கியம்தான். எழுவாய் இல்லை. யார் அனுப்புகிறார், யாரிடம், எதற்குப் பயந்து, எதைச் செய்துவிட்டு, எதைச் செய்யாமல் விட்டு? செயப்பாட்டுவினை எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ‘மேல்’ என்ற சொல்லோ இடத்தைக் குறிக்கிறதா சிகிச்சையைக் குறிக்கிறதா என்று தெரியாமல் அரசாங்கக் கோப்பின் கம்பீரத்தோடு நிற்கிறது. எழுதிய டாக்டர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வெளியே நாற்பது பேர் நிற்கும்போது எழுதிய வாக்கியம் அது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது, ஒளிந்துகொள்ள விரும்பாதவருக்கும்.

பழைய வைத்தியத்தில் இந்தப் பிரச்னை இல்லை. குறளில் மருந்து என்ற 95ஆவது அதிகாரம் முடிகிற இடத்தில் வைத்தியம் நான்காகப் பிரிக்கப்படுகிறது: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிக்கிறவன். ஐந்தாவதாக இன்னொரு வைத்தியன் இல்லை. ஆரம்பித்த வைத்தியர் முடித்துவைப்பார், அல்லது நோய் அவரை முடித்துவைக்கும். ஒப்புவித்தல் என்பது ஷிப்டு முறையும் ‘ரெஃபர்’ முறையும் கொண்டுவந்த சடங்கு. நோயாளிக்கு முகம் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் சிகிச்சை மட்டும் மாறாமல் தொடரவேண்டும் என்று நவீன மருத்துவம் தனக்கே வைத்துக்கொண்ட சவால் அது.

சவாலில் எவ்வளவு தோற்கிறார்கள் என்பதை மேலைநாட்டில் எண்ணிப்பார்த்திருக்கிறார்கள். வட அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில், டாக்டர்கள் கைமாற்றும்போது எதை எந்த வரிசையில் சொல்லவேண்டும் என்று ஒழுங்கு செய்து பார்த்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. 10,740 அனுமதிகள், மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன, தடுத்திருக்கக்கூடிய தீங்குகள் 30 சதவீதம். புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. வாக்கிய ஒழுங்கு. ‘உருவம் முக்கியமா உள்ளடக்கம் முக்கியமா’ என்று நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டதற்கு ஒரு வார்டிலிருந்து இப்படிப் பதில் வந்திருக்கிறது! அந்த ஒழுங்கில் என்னைக் கவர்வது கடைசிப் படி: கேட்டுக்கொண்டவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். பாடம் ஒப்புவிப்பது கொடுப்பவர் இல்லை, வாங்குகிறவர். ஒப்புவித்தலின் இரண்டு அர்த்தங்களும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.

வீடியோ அழைப்பு இதில் என்ன சேர்க்கிறது? முதலில், எழுவாயைத் திருப்பித் தருகிறது. திண்டிவனத்து டாக்டருக்கு ஒரு முகம் வருகிறது, முண்டியம்பாக்கத்து டாக்டருக்கும். ‘எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்று பிறகு சொல்ல முடியாது. இரண்டாவது, நோயாளியின் மூச்சை, வெளிறிய நாக்கை, கட்டு நனைகிற வேகத்தைச் சொல்லில் பெயர்க்காமல் காட்டலாம். உடம்புக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்வது உயிர் விஷயம். மாரடைப்பு வந்தவரின் இ.சி.ஜி.யைச் சிறிய மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, இடங்களை ஒரே வலையாகப் பின்னித் தமிழ்நாட்டில் செய்த ஆய்வு 2017இல் வெளியாயிற்று. 2,420 நோயாளிகள், ஓர் ஆண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6இலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. திரையை வெறுப்பது நமக்கு ஒரு அழகியல் பழக்கமாகிவிட்டது. இந்த எண்களுக்கு முன்னால் அந்தப் பழக்கம் அசட்டுத்தனமாகத் தெரிகிறது.

நேரில் தொடுவதே மெய், இடையில் கருவி வந்தால் பொய் என்கிற வாதத்தையும் நான் நம்பவில்லை. 1816இல் பாரிஸில் லென்னெக் ஒரு இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படிப் பிறந்தது. கூச்சத்தால் ஏற்பட்ட இடைவெளி. ஆனால் இதயம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. (ஃபூக்கோ இல்லாமல் ஒரு கட்டுரை எழுத முடியாதா என்று நண்பர்கள் கேட்பதால், மருத்துவப் பார்வை பற்றி அவர் 1963இல் எழுதிய நூலை இங்கே பெயர் மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன்.) தூரம் எப்போதும் துரோகம் அல்ல.

என் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி மருத்துவமனைகளுக்குமாகப் பிரிந்து போய்ச் சேர்ந்தார்கள். விழுப்புரம், செங்கல்பட்டு இரண்டு மாவட்டங்களிலுமாக இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடனே கொல்வதில்லை. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற நேரம் எடுத்துக்கொள்கிறது. பல மணி நேரம் கழித்தே வயிற்றைப் புரட்டும், மூச்சு வாங்கும், கண் மங்கும். ஆகவே எதைக் குடித்தார், எப்போது குடித்தார் என்பதே ஒப்புவிக்கப்படவேண்டிய செய்திகளில் தலையானது. அதைத்தான் அப்படிப்பட்ட நோயாளி சுலபத்தில் சொல்லமாட்டார். பக்கத்தில் மனைவி, வாசலில் போலீஸ். ஒருவேளை ஒரு டாக்டரிடம், அவர் குனிந்து கேட்ட விதத்துக்காக, தணிந்த குரலில் சொல்லியிருப்பார்.

அந்தத் தணிந்த குரலை ஸ்பீக்கரில் போடலாமா? காஷுவாலிடியின் இரைச்சலில் வீடியோ அழைப்பு என்பது உரத்த பேச்சு. சீட்டை மடிக்கலாம், ஸ்பீக்கரை மடிக்க முடியாது. ஆனால் சீட்டு கேள்விக்குறி போட்டு ‘விஷமோ’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளும், அதனால் ஒரு ஆள் கண்ணை இழக்கலாம். செய்தி போயே ஆகவேண்டும், தயக்கமில்லை. ஒதுக்குப்புறமாகப் போய்ப் பேசினால் மானம் மிஞ்சும். அப்போது தன்னைப் பற்றிய பேச்சிலிருந்து நோயாளி வெளியேற்றப்பட்டு வெறும் ‘கேஸ்’ ஆகிவிடுகிறார். கட்டிலருகே பேசினால் அவர் கேட்பவராக, திருத்துபவராக இருப்பார். ஆனால் வார்டு முழுவதும் கேட்கும். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றும் வழி எனக்குத் தெரியவில்லை. ‘பெரியவரே, நீங்க சொன்னதை முண்டியம்பாக்கத்துல இருக்கிற டாக்டரம்மாகிட்ட சொல்லப்போறேன், சரிதானே?’ என்று கேட்க அரை நிமிஷம் ஆகும். நினைவு இருக்கிற நோயாளி என்றால் அந்த அரை நிமிஷத்தைச் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் தலையசைத்த பிறகு பேசப்படுவதும் அசைக்காமலே பேசப்படுவதும் ஒரே வாக்கியங்களாக இருக்கலாம். ஒரே செயல் அல்ல.

இன்னொரு சிக்கல் காலத்தில் இருக்கிறது. நேருக்கு நேர் ஒப்புவிக்கும்போது சொல்லும் உடம்பும் ஒன்றாகக் கைமாறின. அழைப்பில் சொல் முதலில் போய்விடுகிறது. உடம்பு ஆம்புலன்ஸில் பின்னால் வருகிறது. நடுவே உள்ள அரைமணியில் அவர் யாருடைய நோயாளி? 2020 மார்ச் மாதம் இந்தியாவில் வெளியிடப்பட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள், ஒரு டாக்டர் இன்னொருவரிடம் யோசனை கேட்டால் பொறுப்பு கேட்டவரிடமே நிற்கும் என்கின்றன. தெளிவான விடை, ஆனால் யோசனைக்கு. ஒப்புவித்தல் யோசனை அல்ல. திரையில் ‘சரி, அனுப்புங்க’ என்று ஒரு குரல் சொன்னதும் இந்தப் பக்கத்து மனசில் ஒரு முடிச்சு அவிழ்கிறது. அந்தப் பக்கத்திலோ இன்னும் உடம்பு வரவில்லை, முடிச்சு விழவில்லை. பொறுப்பை ஓட்டப்பந்தயத்துக் கோல் மாதிரி நினைப்பதால் வரும் விபரீதம் இது. கைக்குழந்தையைத் தருகிறவளைப் பாருங்கள். வாங்குகிறவளின் கை பாரத்தை ஏற்றதைத் தன் கையில் உணர்ந்த பிறகே அவள் பிடியைத் தளர்த்துகிறாள். ஒரு கணம் குழந்தை இரண்டு பேரிடமும் இருக்கிறது. திரை அந்தக் கணத்தை 30 கிலோமீட்டருக்கு நீட்டியிருக்கிறது. நீட்டிய அளவுக்கு இரண்டு பேரும் பிடித்திருக்க வேண்டும். உடம்பு வந்து சேர்ந்ததும் வாங்கியவர் மறுபடி அழைத்து ‘வந்துட்டார், பார்த்துட்டேன்’ என்று சொல்லும்வரை முதல் டாக்டர் தன் ஷிப்டு முடிந்தாலும் விடுபடவில்லை. தினம் இருபது பேரை அனுப்புகிறவருக்கு இது அநியாயமான பாரம் என்பார்கள். பாரம்தான். அநியாயம் அவரைத் தனியாக நிறுத்தி வைத்திருப்பதில் இருக்கிறது.

கடைசியாக, இந்தப் பேச்சிலெல்லாம் விடுபட்டுப்போகிற ஒருவர். 2008இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தபோது அதோடு ஒரு உதவியாளரும் வந்தார். குறள் சொன்ன நான்காமவருக்கு இன்று மிக நெருங்கியவர் அவர். டாக்டர்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசிய அழைப்பின்போது அவர் அநேகமாக வெளியே ஸ்ட்ரெச்சரைத் தயார் செய்துகொண்டிருப்பார். விக்கிரவாண்டி தாண்டும்போது நோயாளி கண்ணைத் திறந்து, காலையில் இல்லை, நேற்று ராத்திரியே குடித்தேன் என்று சொன்னால், அதைக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான்.