ஓடுகிற மெஷின்

ராயபுரத்தில் மாமாவின் பவர்டேபிளில் ஒரு ஓவர்லாக் மெஷின் என்னைவிட மூத்தது. பெல்ட், மோட்டார் என்று மாற்றி மாற்றி இன்னும் தைக்கிறது. கணக்குப் போடும் லேப்டாப்புக்கு ஒன்பது வயதுதான். விண்டோஸ் 11 ஏற்றப் போனால் தகுதியில்லை என்கிறது. உள்ளே இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல், எட்டாவதாவது வேண்டுமாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

"நல்லாத்தான ஓடுது கண்ணு, அப்புறமென்ன?" என்றார் மாமா.

எனக்கும் அதே கோபம்தான். ஓடுகிற பொருளைப் பழசு என்று சொல்ல, எங்கோ இருப்பவர் யார்? காதர்பேட்டை செகண்ட்ஸ் பனியன் போட்டு வளர்ந்தவன் நான். வெளிநாட்டு பையர் கழித்த துணி. தையல் கொஞ்சம் கோணல், உடம்புக்கு ஒரு குறையுமில்லை. லேப்டாப்பும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஆனால் கோணல் தையலின் நட்டம் போடுகிறவனோடு முடிந்துவிடும். இந்த லேப்டாப்பில் பதினெட்டுப் பேரின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், சனிக்கிழமை சம்பளம் எல்லாம் இருக்கிறது. அப்டேட் நின்ற ஓட்டை வழியாக எவனாவது புகுந்தால், என் சிக்கனத்துக்கு விலை கொடுப்பது செக்கிங்கில் நிற்கும் அக்காக்கள். 'என் பொருள், என் இஷ்டம்' என்று சொல்ல அங்கே எனக்கு வாயில்லை.

தூக்கிப்போடவும் மனசில்லை. லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். (2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் வந்தது; எங்கள் தெருவில் யாரும் சீண்டவில்லை.) டேலி வேலை ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனது, கூலிக் கணக்கு லிப்ரே ஆபீஸில்.

ஆதார் நகல்கள் மட்டும் மாமாவின் வாட்ஸ்அப்பிலும் கிடக்கின்றன. அதைப்பற்றி இன்னும் பேச்செடுக்கவில்லை.