கோட்டையைக் காலி செய்யலாமா?

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. மராத்திய மன்னர் ராஜாராம் தன் அரசையே நடத்திய கோட்டை செஞ்சி. முகலாயப் படை ஏழு ஆண்டுக்கு மேல் முற்றுகையிட்டுத்தான் 1698இல் அதைப் பிடித்தது. அரசிருக்கை போனபின் கல்லுக்குக் காவல் இல்லை. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம் கிடைத்தது, தூண்கள் கிடைக்கவில்லை.

சென்னை ஜார்ஜ் கோட்டையின் தூண்களையும், 1746இல் ஊரைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குப் பெயர்த்துப் போனார்கள். புதுச்சேரி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அவற்றை மீட்டு வந்தார்கள். ஆள் இருப்பதே பழைய கட்டடத்துக்குப் பாதுகாப்பு என்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அப்படியானால், சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இயங்கும் அந்தக் கோட்டையைப் பெரிய அளவில் செப்பனிட நேர்ந்தால், உள்ளே இருந்தபடியே செய்வதுதான் நியாயமா?

நாற்காலியில் இருப்பவர்களுக்கு அது வசதி. விலை கொடுப்பவர்கள் வேறு: கூட்டத்தொடர் இல்லாத நாட்களிலும் இரவிலும் அவசர அவசரமாகச் சாரம் ஏறும் கொத்தனார், சித்தாள்; புழுதிக்கு நடுவே கோப்பு பார்க்கும் எழுத்தர்; மனுவோடு காத்து நிற்பவர். கட்டடமும் விலை கொடுக்கிறது. சுண்ணாம்புக் காரை தன் போக்கில்தான் இறுகும். பட்ஜெட் தேதி அதற்குத் தெரியாது. பொறுமையிழந்து சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருக்கும் பழைய செங்கல்லை அரிக்கும். இலண்டன் நாடாளுமன்றம் வெளியேறுவதென 2018இல் வாக்களித்தும் இன்னும் ஒட்டுப்போட்டுக்கொண்டே உள்ளே இருக்கிறது. கனடாவின் மக்களவையோ 2019இலேயே பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விட்டது.

நமக்கு இதில் வெளிநாட்டு யோசனை தேவையே இல்லை. திருப்பணி தொடங்கினால் பாலாலயம் செய்து சாமியையே இடம் மாற்றுகிறோம். பூசை நிற்பதில்லை, குடமுழுக்கோடு சாமி தன் இடத்துக்குத் திரும்புகிறது. சாமிக்கு இல்லாத சங்கடம் சட்டமன்ற உறுப்பினருக்கு எதற்கு? சபைக்கு இடமாற்றம் புதிதுமல்ல. 1937இல் செனட் மண்டபத்தில் கூடியது. 1952 முதல் சில ஆண்டுகள் அரசினர் தோட்டத்தில் இருந்தது. கொரோனா காலத்தில் கலைவாணர் அரங்கத்துக்குப் போனது. அங்கே நிறைவேறிய சட்டம் எதுவும் அதனால் செல்லாமல் போகவில்லை.

ஆனால் போனால் திரும்புவார்களா என்ற அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. 2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்ற வளாகம் திறக்கப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் சபை ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. 2014இல் புதிய வளாகம் மருத்துவமனையானது. (மருத்துவமனையால் மக்களுக்குக் கிடைத்த நன்மை தனிக் கணக்கு.) கட்டடம் எதற்கென்பதை ஒரு தேர்தல் முடிவே மாற்றிவிடும் மாநிலத்தில், காலி செய்த கோட்டை யாருடைய தேவைக்கும் பகடைக்காய் ஆகலாம். பாலாலயம் நம்பிக்கையோடு நடப்பது, சாமி திரும்பிவரும் என்பதில் யாருக்கும் ஐயமில்லாததால்தான். அரசியலில் அந்த நம்பிக்கையை எழுத்தில்தான் உண்டாக்க முடியும்.

ஆகவே வெளியேறுவதே நியாயம். கொத்தனாரின் உயிரையும் நானூறு ஆண்டை நெருங்கும் கோட்டையின் ஆயுளையும் உறுப்பினர்களின் வசதிக்காகப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் திரும்பும் காலம், ஒதுக்கும் பணம், ஆண்டுதோறும் சபைக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு ஆகிய மூன்றையும் சட்டமாக்க வேண்டும். எல்லாக் கட்சிகளும் கையெழுத்திடாமல் ஒரு மேசையைக்கூட வெளியே எடுக்காதீர்கள்.