தேய்மானக் கணக்கு

பிரேக் பேடு தேய்ந்துவிட்டதை கார் முதலில் கீச்சுக் குரலில்தான் சொல்லும். அது கோளாறல்ல, ஏற்பாடு. பல பேடுகளின் ஓரத்தில் அதற்கென்றே வளைந்த தகடு ஒன்று இருக்கும். புதிதில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும் உராய்வுப் பொருள் இரண்டு மூன்றுக்கு இறங்கியதும், தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். நம் வீடுகளில் அதற்குக் கிடைக்கிற மரியாதை, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டைக் கூட்டி வைப்பது. வீட்டம்மா கேட்டால், "வண்டிதான் நிக்குதில்ல, உடு" என்று பதில் வரும்.

அப்புறம் கீச்சு போய்க் கரகரப்பு வரும். உராய்வுப் பொருள் தீர்ந்து, அதைத் தாங்கியிருந்த இரும்பே டிஸ்க்கைச் சீவ ஆரம்பித்துவிட்டது. வண்டி அப்போதும் நிற்கும். கொஞ்சம் தள்ளி நிற்கும்.

அரசும் இந்த விஷயத்தில் அவசரப்படுவதில்லை. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதுவரை பிரேக்கைக் காட்டித் தகுதிச் சான்று வாங்கச் சட்டம் சொல்வதில்லை. அந்தக் கட்டாயம் வணிக வண்டிகளுக்குத்தான். புகையை மட்டும் தவறாமல் முகர்ந்து பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். அடுத்தவர் மூச்சைப் பற்றிய அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே அடுத்தவர் ரோட்டைக் கடக்கும்போது வண்டி நிற்குமா என்பது உரிமையாளரின் காதை நம்பி விடப்பட்டிருக்கிறது. அந்தக் காதில் பாட்டு ஓடுகிறது.

தொண்டாமுத்தூர் தாண்டி நரசிபுரம் பக்கம் ராத்திரியில் வருகிறவர்களுக்கு இது வெறும் பேச்சில்லை. வளைவில் திரும்பினால் ரோட்டை அடைத்துக்கொண்டு யானை நிற்கலாம். 1,000 கிலோ கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க, சுமார் 1.39 லட்சம் ஜூல் ஆற்றல் சூடாக மாறியாக வேண்டும். இரண்டு டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. சில விநாடிக்குள், உள்ளங்கை அகல பேடுகளில் இறங்குகிறது.

கரகரப்பெல்லாம் பேடு என்று முடிவுகட்டவும் கூடாது. மழையில் விடிய விடிய வாசலில் நின்ற காரில் காலையில் கேட்பது டிஸ்க்கில் படிந்த துரு. நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். தோட்டத்து மண்பாதையில் போய்வந்த காரில், டிஸ்க்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவே பொடிக்கல் சிக்கியிருக்கலாம். பிரேக்கைத் தொடாமலே கத்தினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பேரிங் போயிருந்தால் வேகம் ஏற ஏற முனகும். மிதிக்கும்போது மட்டும், காலுக்கே தெரிகிற மாதிரி அரைத்தால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதுதான்.

சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, நட்டுகளைத் தரையிலேயே இளக்கிவிட்டுத் தூக்க வேண்டும். காரோடு தருகிற ஜாக்கி டயர் மாற்றத்தான். வேலை பார்க்க ஸ்டாண்டு வேண்டும். சக்கரம் கழன்றதும் வெளிப்பக்கப் பேடு எளிதில் கண்ணில் படும். "இன்னும் பாதி இருக்குதுங்க" என்று அதை மட்டும் பார்த்துவிட்டு நட்டு முடுக்குகிறவர்கள் உண்டு. சீக்கிரம் தீர்வது பெரும்பாலும் உட்பக்கப் பேடு. பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகர வேண்டிய பின்னில் கிரீஸ் வற்றி இறுகினால், பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டும் தனியாக உழைத்துத் தேய்கிறது. பின்னைத் துடைத்து, அதற்குரிய கிரீஸ் தடவாமல் புதுப் பேடு போடுவது அதே சத்தத்தைத் தவணையில் வாங்குவது. டிஸ்க்கில் நகத்தை ஓட்டினால் கோடு தட்டும். லேத்தில் கொடுத்துச் சீவலாம். ஆனால் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் காயலான் கடைதான். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளிப் புதுப் பேடு மாட்டியபின், பெடல் இறுகும்வரை மிதித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். மறந்தால் முதல் நிறுத்தத்தைக் காம்பவுண்டுச் சுவர் பார்த்துக்கொள்ளும்.

சத்தம் போடுகிற எதற்கும் எண்ணெய் விட்டே பழகிய கை நம்முடையது. டிஸ்க்கில் விட்டால் சத்தம் நிஜமாகவே நின்றுவிடும், வண்டி நிற்காது.

பிரேக் ஆயில் ஒழுகினாலோ பெடல் மெத்தென்று இறங்கினாலோ வீட்டு வேலை அத்தோடு முடிந்தது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155தான். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்குகிறவர் இந்த வித்தியாசத்தைக் காலில் உணர்வார்.

இத்தனைக்கும் இது ஜி.டி.நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட கோவைச் சீமை. ஃபவுண்டரிக்கும் லேத்துக்கும் பஞ்சமில்லை. போர் மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டால் ராத்திரியே ஆள் வந்து மேலே தூக்கிவிடுவார். பாக்குத் தோப்பு காயுமே. ஓடாததற்கு அன்றைக்கே வைத்தியம், நிற்காததற்கு அடுத்த மாதம் என்பது இங்கே எழுதாத விதி.

சக்கரத்துக்குள் இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதுவதும் கம்ப்ரசர் காற்று அடிப்பதும் நம் பட்டறை வழக்கம். பிரேக் லைனிங்கில் நெடுங்காலம் கல்நார் சேர்த்தார்கள். கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தூசியால் வரும் நோய் அவ்வளவு நிதானமாக வரும். பிரேக் டிரம்மை ஊதி ஊதியே தொழில் கற்ற பட்டறைப் பையனுக்கு அந்தப் பதிவேடு யாரும் போடவில்லை. ஈரத்துணியில் துடைத்து எடுத்திருந்தால் போதும்.

புதுப் பேடு போட்ட காரை வெளியே எடுக்கிறவர் பின்பக்கக் கண்ணாடியையும் பார்க்கப் பழக வேண்டும். தேங்காய் ஏற்றிய டிராக்டர் பின்னால் வரும். டிரெய்லர்களில் பலவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது, மொத்தப் பாரத்தையும் முன்னால் இருக்கும் டிராக்டர்தான் பிடித்து நிறுத்த வேண்டும். நம் கார் இப்போது நினைத்த இடத்தில் நிற்கும் என்பது டிராக்டர்காரருக்குத் தெரியாது.